முள் இறங்கும் நேரம்

அந்தத் தெருவில் அவளுக்கு டேங்க்காரம்மா என்று பெயர். அவள் எந்த டேங்கையும் கட்டவில்லை, எந்த வால்வையும் திறக்கவில்லை, அதன் ஏணியில் ஒரு படிகூட ஏறியதில்லை. கட்டிக்கொண்டது டேங்க்காரரை. அந்த ஒரு குற்றத்துக்காகப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் போய் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது அவளைத் தேடி வந்தால் தெருவில் பாதிப்பேர் முழிப்பார்கள். சில நேரம் அவளே கொஞ்சம் முழிப்பாள்.

டேங்க் என்றால் தெருக்கோடியில் நிற்கும் தண்ணீர்த் தொட்டிதான். தடித்த தூண்களின் மேல் உட்கார்ந்திருக்கும் பெரிய வட்டத் தொட்டி. ஊருக்குக் குழாய் போட்ட காலத்தில் கட்டினார்கள். அதற்கு முன்னால் தண்ணீர் வண்டி வரும், வண்டியைச் சுற்றி நின்று சண்டை போடுவார்கள். தொட்டி வந்ததும் சண்டை தீர்ந்துவிடும் என்று நம்பினார்கள். தீரவில்லை, வீட்டுக்குள் வந்துவிட்டது. கீழ்வீட்டுக்காரர் குழாயைத் திறந்துவிட்டு வாய்பார்த்துக்கொண்டு நிற்பதால்தான் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று படிக்கட்டில் நின்று ஏச ஆரம்பித்தார்கள்.

தொட்டிக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரிய ஓர் ஏற்பாடு இருந்தது. உள்ளே தண்ணீரின் மேல் ஒரு மிதவை. அதில் கட்டிய கம்பிக்கயிறு உச்சியில் ஒரு கப்பியில் திரும்பி வெளிச்சுவரில் இறங்கும். கயிற்றின் நுனியில் சிவப்பு வண்ணம் அடித்த பெரிய இரும்பு அம்பு. தெருவில் அதை முள் என்பார்கள். உள்ளே தண்ணீர் ஏற ஏற மிதவையும் ஏறும், வெளியே முள் இறங்கும். ஆக, முள் அடியில் நின்றால் தொட்டி நிறைந்துவிட்டது, உச்சியில் நின்றால் காலி. புதிதாகக் குடிவந்தவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். முள் உச்சியில் இருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தலைக்கு சோப்பு போடுவார்கள். பிறகு கண்ணைத் திறக்க முடியாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அப்படி ஒருதரமாவது நுரையோடு நின்றால்தான் ஒருவர் அந்தத் தெருக்காரர் ஆவார்.

அவள் நுரையோடு நிற்கவில்லை. அவள் செய்த தப்பு வேறு.

கல்யாணமாகி மூன்றாம் மாடியில் அந்தச் சின்ன வீட்டுக்கு வந்த புதிது. மதியம் எப்போது சாப்பிட வருவீர்கள் என்று அவள் கேட்டதற்கு, அது தன் கையில் இல்லை என்று அவர் சொல்லியிருந்தார். ஆற்றங்கரையிலிருந்து பம்பு எப்போது தள்ளுகிறதோ, மின்சாரம் எப்போது இருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் தொட்டி நிறையும். நிறைந்ததும் வால்வை மூடிவிட்டு அவர் கிளம்பலாம். ஒரு நாள் போல் ஒரு நாள் இருக்காது. நேரம் தெரியவேண்டுமென்றால் அடுக்களை ஜன்னலைத் திறந்து முள்ளைப் பார், தொட்டி நிறைந்தால் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எந்தப் பக்கம் வந்தால் நிறைந்தது என்று அர்த்தம் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். ஆண்பிள்ளைகள் பாதியைச் சொல்லிவிட்டு முழுதையும் சொன்னதாக நினைத்துக்கொள்வது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

அவள் ஜன்னலைத் திறந்தாள். முள் உச்சியில் நின்றது. அடடா, நிறைந்துவிட்டதே என்று கையும் ஓடாமல் காலும் ஓடாமல் அவசர அவசரமாகச் சமைத்து, தட்டைக் கழுவி வைத்துக் காத்திருந்தாள். முள் இறங்கத் தொடங்கியது. தண்ணீர் குறைகிறது, இன்னும் வரவில்லையே என்று வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். வெயில் சாய்ந்து அவர் விசில் அடித்துக்கொண்டு படியேறி வந்தபோது சாப்பாடு ஆறிக் கல்லாகியிருந்தது, அவள் முகம் அதைவிட. விஷயம் தெரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு அழுகை முட்டியது. அதைப் பார்த்ததும் எழுந்து வந்து, ஜன்னலருகே அவளை நிறுத்தி, பின்னால் நின்றுகொண்டு சொன்னார்.

"நான் உள்ள தண்ணிய ஏத்துறேன், அது வெளிய உன்னப் பாத்து இறங்கி வருது. அவ்வளவுதான் விஷயம். அது அடியத் தொட்டுச்சுன்னா நான் நம்ம வாசல்ல நிப்பேன்."

அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் ஆறிய சாப்பாடு சாப்பிட்டதில்லை.

கீழே கடை வைத்திருந்த தையல்காரர் அவளுக்குச் சட்டைகள் அனுப்புவார், காஜா எடுக்க. பொத்தான் துளையைச் சுற்றி நூலால் நெருக்கி நெருக்கித் தைக்கவேண்டும், கண்ணைத் தின்னும் வேலை. அவள் ஜன்னலடியில் உட்கார்ந்து தைப்பாள். ஒரு துளை முடிந்ததும் நிமிர்ந்து முள்ளைப் பார்ப்பாள். தொட்டிச் சுவரில் ஓர் இடத்தில் காரை பெயர்ந்து வெளுத்துத் தெரியும். முள் அந்த இடத்துக்கு வந்தால் ஊசியைச் சட்டையிலேயே குத்திவிட்டு எழுந்து அடுப்பைப் பற்றவைப்பாள். முள் அடியைத் தொடும்போது சமையல் முடிந்திருக்கும். அவள் கைகழுவித் துடைக்கும்போது படிக்கட்டில் விசில் கேட்கும். இதில் சூட்சுமம் ஒன்றும் இல்லை, பழக்கம்தான். ஆனால் காரை பெயர்ந்த இடத்துக்கு முள் வந்ததும் அவளுக்குள் ஏதோ ஒன்று துள்ளும். மகள் பிறந்து, பள்ளிக்கூடம் போய், இவள் தலைமுடியில் முதல் நரை வந்த பிறகும் துள்ளியது. காதல் கீதல் என்று இருவரும் ஒரு தரமும் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லச் சொல்லியிருந்தால் ஆளுக்கொரு பக்கமாக ஓடியிருப்பார்கள்.

மகள் வளர்ந்ததும் முள்ளைப் பார்த்துத்தான். வீட்டில் மதியச் சாப்பாடு எப்போது என்று டீச்சர் கேட்டதற்கு, முள் அடியில வந்ததும் என்று அவள் சொல்ல, டீச்சர் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அந்தக் கதையை டேங்க்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்.

பிறகு தொட்டிக்கு வயதாகிவிட்டது. தூணோரம் கசிந்தது, அடைத்தால் வேறு பக்கம் கசிந்தது. ஊர் எல்லையில் பெரிய நீரேற்று நிலையம் கட்டி, சுவிட்சைத் தட்டினால் ஓடும் மோட்டார்களை வைத்தார்கள். பழைய தொட்டியைக் கடைசியாகக் காலி செய்த அன்று கம்பிக்கயிற்றை அறுத்தார்கள், முள் மேலேயிருந்து தரையில் வந்து விழுந்தது. அந்தச் சத்தத்துக்குத் தெரு முழுக்க வெளியே வந்து பார்த்தது. முள்ளை வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்று டேங்க்காரர் கேட்டார். அரசாங்கச் சொத்து என்றார் அதிகாரி. சொத்தைத் தூக்கி அடியிலிருந்த வால்வு அறையில் பழைய சாக்கோடு போட்டுப் பூட்டினார்கள்.

அவரைப் புதிய நிலையத்துக்கு மாற்றினார்கள். பஸ்ஸில் போகவேண்டும், மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு. சுடச்சுடச் சாப்பிட்டுப் பழகிய மனிதர் டப்பாவைத் திறந்து மூக்கால் அழுதுகொண்டே சாப்பிடுவதாக அவரே சொல்லுவார். அவள் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி மாட்டினாள். சாயங்காலம் அதைப் பார்த்துச் சமைப்பாள். பஸ் தாமதமானால் அது கடிகாரத்துக்குத் தெரியாது. ஜன்னலில் வெறும் சுவர் நின்றது, காரை பெயர்ந்த இடம் மட்டும் தெரிந்தது.

அப்படி ஒரு சாயங்காலம் அவர் வரவில்லை. அவள் சாப்பாட்டைச் சூடாக்கினாள். ஆறியதும் மறுபடி சூடாக்கினாள். பஸ்ஸைத் திட்டினாள், பிறகு அவரையே திட்டினாள். தையல்காரர் படியேறி வந்து வாசலில் நின்றார். அவருடைய கடைப் போனுக்குத்தான் தகவல் வந்திருந்தது. மோட்டார் அறையில் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மதியமே.

மனிதர்கள் சாவார்கள், அது அவளுக்குத் தெரியாததல்ல. அவளுக்குப் பொறுக்காதது ஒன்றுதான். மதியமே போய்விட்ட மனிதருக்குச் சாயங்காலம் முழுக்கச் சாப்பாடு சூடாக்கிக்கொண்டிருந்தோமே என்பதுதான் அது. முள் இருந்த காலத்தில் அவர் வருவதும் வராததும் அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. அன்றைக்கு ஒன்றுமே தெரியவில்லை. யாரோ பக்கத்தில் இருந்துகொண்டே ஏமாற்றிய மாதிரி அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரம் வருஷங்கள் போயும் ஆறவில்லை.

தொட்டி அனாதையாக நின்றது. புறாக்கள் குடியேறின. தூண்களில் சுவரொட்டி மேல் சுவரொட்டி ஒட்டினார்கள். இடிக்கவேண்டும் என்று ஒரு கூட்டமும், கூடாது என்று ஒரு கூட்டமும் மாறி மாறிப் பேசின. கடைசியில், இடிப்பதற்குத்தான் அதிகம் செலவாகும் என்று யாரோ சொன்னதும் எல்லோருக்கும் பழைமையின் மேல் பாசம் பொங்கிவிட்டது. தொட்டியைச் சீர்படுத்தி அதற்குள் ஒரு காபிக்கடையும் உட்கார்ந்து படிக்க ஓர் இடமும் வைப்பதாக முடிவானது. வேலையை நடத்த ஆர்க்கிடெக்ட் பெண் ஒருத்தி வந்தாள். தொட்டிச் சுவரில் ஜன்னல்கள் வெட்டினார்கள், தூண்களுக்கு நடுவே லிஃப்ட் வைத்தார்கள், வால்வுகளைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்தார்கள். டேங்க்காரம்மா காஜா எடுத்துக்கொண்டே இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தண்ணீர் இருந்த இடத்தில் உட்கார்ந்து காபி குடிப்பார்களாம் என்று மகளிடம் சொல்லிச் சிரித்தாள். அதுவரை சிரித்தாள்.

ஒரு நாள் காலையில் ஜன்னலைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முள் வந்திருந்தது. வால்வு அறையில் கிடந்ததை எடுத்துத் துருநீக்கிப் புதுச் சிவப்பு அடித்து மாட்டியிருந்தார்கள். உச்சியில்.

தெருவில் நடந்த கூத்தைச் சொல்லவேண்டும். முள் உச்சியில் நின்றால் தொட்டி காலி என்பது பழைய ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறியது. அரைத்தூக்கத்தில் வெளியே பார்த்த பெண்கள் இரண்டு பேர் பதறிப்போய் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் வைத்தார்கள். தையல்காரர் வாளியோடு வாசலுக்கு வந்துவிட்டு, குழாயில் இப்போது வேறு தொட்டித் தண்ணீர் அல்லவா வருகிறது என்று நினைவு வந்து, வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். தெரு அன்றைக்கு முழுக்கத் தன்னையே கேலிபண்ணிச் சிரித்தது.

டேங்க்காரம்மா சிரிக்கவில்லை. அவள் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு துளை தைத்துவிட்டு நிமிர்ந்தாள். உச்சியில் நின்றது. அடுத்த துளை. உச்சியில்தான் நின்றது. இது வெறும் அலங்காரம், அசையாது என்று புத்திக்குத் தெரிந்தது. கழுத்துக்குத் தெரியவில்லை, அது தானாக நிமிர்ந்தது. மறுநாளும் நிமிர்ந்தது. இறங்காத முள் அவளுக்கு வராத மனிதர்தான், வேறென்ன? மருந்துக்கடையில் வேலை செய்யும் மகள், ஜன்னலைச் சாத்திவிடும்மா என்றாள். சாத்தினால் ஜன்னலுக்கு வெளியே அது இறங்கியிருக்குமோ என்று நினைப்பு ஓடியது. அது இன்னும் மோசம்.

கடைசியில் ஒரு காலை கிளம்பிப் போய்விட்டாள். ஆர்க்கிடெக்ட் பெண் வால்வு அறையில் நின்று பெயின்டரிடம் பேசிக்கொண்டிருந்தாள். தலைமுடியில் சுண்ணாம்பு, கையில் டேப். முள்ளை அடிக்கு இறக்கிவிடவேண்டும் என்று டேங்க்காரம்மா எடுத்த எடுப்பிலேயே கேட்டாள். மேலே இருந்தால் தொட்டி காலி என்று அர்த்தம், தெருக்காரர்கள் குழம்புகிறார்கள் என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்தே இருந்தது. பழைய வரைபடத்திலேயே போட்டிருக்கிறது, ஆனால் காபி குடிக்க வருகிறவர்கள் மேலே இருந்தால்தான் நிறைந்திருக்கிறது என்று நினைப்பார்கள், தூரத்திலிருந்து எடுப்பாகவும் தெரியும் என்று பொறுமையாக விளக்கினாள். நியாயமான பதில்தான். திரும்பிப் போயிருக்கலாம். வாய் கேட்கவில்லை.

"அது அடிக்கு வந்தாத்தாம்மா எங்க வீட்டுக்காரர் சாப்பிட வருவார்."

ஆர்க்கிடெக்ட் பெண் பெயின்டரைக் கூப்பிட்டு, உள்ளே கட்டியிருக்கும் கயிற்றை மதியத்துக்குள் தளர்த்தி முள்ளை அடிவரைக்கும் இறக்கிவிடச் சொன்னாள். அவர் இங்கேதான் வேலை பார்த்தாரா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் இவள். அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திறப்பு விழாவுக்கு அவரையும் அவசியம் கூட்டிவர வேண்டும், பழைய ஆள் ஒருவர் வந்தால்தான் விழா நிறைவாக இருக்கும் என்றாள். டேங்க்காரம்மா சரி, கூட்டிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தெருவில் பாதி தூரம் வந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. திரும்பிப்போய்த் திருத்த மனம் வரவில்லை. யாரோ ஒருத்தியின் நினைப்பில் அவர் உயிரோடு இருக்கிறார். இருந்துவிட்டுப் போகட்டுமே.

மதியம் அவள் ஜன்னலடியில் இருந்தாள். முள் அசைந்தது. பெயின்டர் கயிற்றை விட்டு விட்டு இறக்கினார், அதனால் முள் கொஞ்சம் நின்று, கொஞ்சம் இறங்கி வந்தது. காரை பெயர்ந்த இடத்தைப் பூசி மறைத்திருந்தார்கள், ஆனால் அது எங்கே என்று அவளுக்குத் தெரியாதா? முள் அங்கே வந்ததும் ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு எழுந்தாள். உள்ளே அந்தப் பழைய துள்ளல். இத்தனை வருஷம் கழித்து, வெட்கமில்லாமல், அப்படியே துள்ளியது. அடுப்பைப் பற்றவைத்தாள். முள் அடியைத் தொட்டபோது சமையல் முடிந்திருந்தது. தட்டுகள் இரண்டைக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, படிக்கட்டுப் பக்கம் காதை வைத்து நின்றாள்.

நின்றாள்.

சாயங்காலம் மருந்துக்கடையிலிருந்து வந்த மகள் தட்டுகளைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். சாப்பாடு தொடப்படாமல் இருந்தது. அடுப்பு இன்னும் சூடாக இருந்தது, அம்மா மறுபடி மறுபடி சூடாக்கியிருக்கிறாள். மகள் பையை வைத்துவிட்டு, கைகழுவிக்கொண்டு வந்து, அப்பாவின் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தனக்கே போட்டுக்கொண்டாள். இருவரும் சாப்பிட்டார்கள். பாதியில் டேங்க்காரம்மா தேம்பித் தேம்பி அழுதாள். அவர் போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை, அன்றைக்கு ஆத்திரம் வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

மறுநாள் ஜன்னலைத் திறந்தாள். முள் அடியில் நின்றது. இதோ வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே நின்றது. காஜா ஒன்றும் ஓடவில்லை. சட்டையை மடித்து வைத்துவிட்டுத் தொட்டிக்குப் போனாள்.

அதற்குள் தையல்காரர் மூலம் ஆர்க்கிடெக்ட் பெண்ணுக்கு விஷயம் தெரிந்திருந்தது. இவளைப் பார்த்ததும் முகம் சிவந்துபோய், தெரியாமல் கூட்டிவரச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள் என்று தடுமாறினாள். கூட்டிவருகிறேன் என்று சொன்னது நான்தானே, நீ எதற்கு மன்னிப்புக் கேட்கிறாய் என்று டேங்க்காரம்மா அதைத் தள்ளிவிட்டாள். பிறகு, முள்ளைப் பழையபடி மேலே ஏற்றிவிடச் சொன்னாள்.

பெயின்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆர்க்கிடெக்ட் பெண் அவரைக் கையமர்த்திவிட்டு, நேற்று நீங்கள்தானே இறக்கச் சொன்னீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆமாம்மா, நான்தான் சொன்னேன். அது கீழ இருந்தா அவர் வந்துக்கிட்டே இருக்கார், வந்து சேர மாட்டேங்கிறார். அத என்னால பாத்துக்கிட்டு உக்கார முடியல. மேல இருந்தா தொட்டி இன்னும் நிறையல, அவர் வேலையில இருக்கார். வேலையில இருக்கிற மனுஷனுக்காகக் காத்திருக்கிறது எனக்கு ஒண்ணும் புதுசில்ல."

ஆர்க்கிடெக்ட் பெண் தானே உள்ளே போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். முள் ஏறியது. டேங்க்காரம்மா வெளியே நின்று, வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு, அது உச்சிக்குப் போய்ச் சேரும்வரை பார்த்தாள். போதும், கட்டிவிடு என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அடுப்புப் பக்கம் போகவில்லை. ஜன்னலடியில் உட்கார்ந்து, சட்டையை எடுத்து, முந்தின நாள் பாதியில் விட்ட துளையைத் தைக்க ஆரம்பித்தாள். தைத்து முடித்து நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் நேரம் இருந்தது.